கடைசித் தட்டும் ஒரு சிறுகோடும்

அடையாறு வீட்டுப் பரணில் ஒரு இசைத்தட்டு கிடக்கிறது. ஆயிரத்தில் ஒருவன், 1965. விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று இரண்டு பெயர், நடுவில் ஒரு சிறுகோடு. "அதுக்கப்புறம் அந்தக் கோடு போயிடுச்சுப்பா" என்பார் அப்பா. அதனாலேயே அது அவருக்குக் 'கடைசித் தட்டு'.

'கடைசி ஆல்பம்' என்கிற கருத்தாக்கம் நமதல்ல. சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்களின் ஸோல் குரலிசைக் குழு 1976இல் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தை வெளியிட்டு, 1977இல் கலைந்தது. டயானா ராஸ் 1970லேயே விலகியாயிற்று. தொடக்கத்திலிருந்து எஞ்சியவர் மேரி வில்சன் ஒருவரே. ஆட்கள் மாறினார்கள், பெயர் நின்றது. இங்கே நேர்மாறு. 1952இல் 'பணம்' படத்தில் தொடங்கிய இருவரும் முறையே 2015, 2013 வரை இருந்தார்கள், செத்தது பெயர்தான்.

பிரிவுக்குப் பின் நம் ரசிகர்களிடம் ஒரு வாசிப்புப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வயலின் உருகினால் ராமமூர்த்தி, ஆர்மோனியத்தில் பிறந்த மெட்டென்றால் விஸ்வநாதன் என்று பாகப்பிரிவினை. ஏழு பாட்டிலும் விடைபெறும் துயரத்தைக் கேட்கிறவர்களும் உண்டு. பதிவின்போது பிரிவு அவர்கள் மனதில் இருந்ததா என்பது பிரதிக்கு வெளியே உள்ள விஷயம். துயரம் நாம் பிற்பாடு கொண்டுபோய் வைத்தது. (நானும் வைத்தவன்தான். 2014இல் படம் டிஜிட்டலில் மறுபடி வந்தபோது இருட்டில் கண் கலங்கினேன்.)

அன்று எனக்கு உறைத்தது வேறொன்று. கப்பலில் அடிமைகள் விடுதலையைப் பாடுகிறார்கள். டி.எம்.எஸ்ஸுக்குப் பெயர் உண்டு, கண்ணதாசனுக்கு உண்டு. அவர் குரலுக்குப் பின்னால் அலைபோல எழும் குரல்கள்? 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அத்தனை பேரும் அடக்கம். அந்தக் குரல்கள் இல்லாவிட்டால் அது ஒரு கதாநாயகனின் தனிப்பாட்டு. கலகம் அங்கே இல்லை. இருவர் பிரிந்ததைப் பற்றி அறுபது வருஷமாய்ப் பேசுகிறோம். இந்தக் குழு எப்போது கூடியது, எப்போது கலைந்தது? யாரும் கேட்டதில்லை. பிரிவதற்கும் பெயர் வேண்டியிருக்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதுகிற நாம்கூட இந்தக் கோட்டின் இருபுறம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் கோடு திரும்பியது. அப்பா கேசட் வாங்கிவந்தார். நான் அப்போது சின்னப்பையன். ஒரு பக்கம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு பரணில் ஏறிப் பழைய தட்டை எடுத்துத் துடைத்தார். பிளேயருக்கு ஊசி இல்லை.