குதிரைக்கு உங்கள் பயம் எப்படித் தெரிகிறது?

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் ஒரு குடையை வைத்துக்கொண்டு அருமையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். அதன் முடிவு 2009-இல் வெளிவந்தது. சோதனைக்கு வந்தவர்கள் ஒரு குதிரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான்கு முறை கொண்டுபோக வேண்டும். சிலர் கயிற்றைப் பிடித்து நடத்திச் சென்றார்கள், சிலர் மேலே ஏறி ஓட்டிச் சென்றார்கள். மனிதர், குதிரை இருவரின் இதயத்துடிப்பையும் கருவிகள் பதிவு செய்தன.

முதல் மூன்று முறை எதுவும் நடக்கவில்லை. நான்காவது முறை கிளம்பும்போது, "இந்தத் தடவை நீங்கள் கடந்து போகும்போது அங்கே நிற்பவர் குடையை விரிப்பார்" என்று சொல்லிவைத்தார்கள். கேட்டவர்களுக்குத் திக்கென்றது. குதிரை மிரண்டு பாய்ந்துவிட்டால்? அவர்களின் இதயம் வேகமாக அடித்தது. ஆனால் குடையை யாரும் விரிக்கவே இல்லை! குடையைப் பற்றிப் பேசியது குதிரைக்குப் புரிந்திருக்கவும் வழியில்லை. இருந்தும் குதிரையின் இதயத்துடிப்பும் கூடவே ஏறியது. ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் கடிவாள வாரை வழக்கத்தைவிடக் குட்டையாகப் பிடித்திருந்ததையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

குதிரை ஏறப் பயப்படும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. "பயப்படாதே, பயப்படாதே" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் யாருக்கும் பயம் போனதில்லை. பயம் மனதில் தோன்றினாலும் அது வெளிப்படுவது உடம்பில்தான். குதிரை படிப்பதும் உடம்பைத்தான். அப்படியானால் நாமும் உடம்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

குதிரைக்கு இவ்வளவு கூர்மை எதற்கு? புல் மேயும் பிராணி அது. கொம்பு கிடையாது, கிழிக்கும் பற்கள் கிடையாது. ஆபத்தைச் சீக்கிரம் தெரிந்துகொண்டு ஓடித் தப்பினால்தான் அதன் முன்னோர்களுக்குப் பிழைப்பு. தலையின் இரு பக்கமும் இருக்கும் அந்தப் பெரிய கண்களால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான் குதிரையை நெருங்கும்போது தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே போகச் சொல்கிறார்கள்.

அதன் தோலையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். விலாவில் ஓர் ஈ வந்து உட்காரும். குதிரை திரும்பிப் பார்க்காது, கால் உதறாது. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சடசடவென்று நடுங்கும், ஈ பறந்துவிடும். தோலுக்கு அடியில் அதற்கென்றே மெல்லிய தசை இருக்கிறது. ஈயின் எடை தெரிகிற அதே விலாவின்மீதுதான் சவாரி செய்பவரின் கால்கள் படிந்திருக்கும். உங்கள் முழங்கால் இறுகினால் அதற்குத் தெரியாமல் இருக்குமா?

குதிரை நம்மை எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. கூட்டல் கணக்கைக் கேட்டால், விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து, 1907-இல் காரணத்தைச் சொன்னார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. விடை தெரிந்தவர், சரியான எண்ணிக்கை வந்ததும் தன்னை அறியாமல் தலையை இம்மியளவு நிமிர்த்தினார். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாதுதான். ஆனால் கூடியிருந்த மனிதர்கள் யாரும் கவனிக்காத ஓர் அசைவை அது கவனித்தது. அதுவல்லவா பெரிய திறமை!

இப்போது குதிரைமேல் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்போம். மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து மணி அடிக்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. உடம்பு முன்பக்கம் குனிந்து சுருண்டுகொள்கிறது. கைகள் வாரை இழுக்கின்றன. கால்கள் விலாவைக் கவ்விக்கொள்கின்றன.

சிக்கல் இந்தக் கடைசி இரண்டில்தான். விலாவைக் காலால் அழுத்தினால் "போ" என்று அர்த்தம். வாரை இழுத்தால் "நில்" என்று அர்த்தம். பழக்கப்பட்ட குதிரைக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். போ, நில் இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் அது என்ன செய்யும்? குழம்பும், தலையை உதறும், நிலைகொள்ளாமல் கால் மாற்றும். அதைப் பார்த்து மேலே இருக்கும் பிள்ளை இன்னும் பயந்து இன்னும் இறுக்கும். "இந்தக் குதிரை முரடு" என்று சொல்லும் முன்பு, மேலே இருப்பவரின் முழங்காலைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்றை உடைக்க மூச்சுதான் முதல் வழி. இதை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சை மெதுவாக இழுங்கள், அதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் விடும்போது தளர்வதையும் பலரால் விரல் நுனியிலேயே உணர முடியும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. குதிரைமேல் இருக்கும்போதும் மூச்சை நீளமாக விட்டால் தோள் இறங்கும், இடுப்பு இளகும், முழங்கால் தானாகத் தளரும். பார்வையைக் குதிரையின் கழுத்திலிருந்து எடுத்து, போகவேண்டிய திசையில் தூரமாக வையுங்கள். முதுகும் நிமிர்ந்துவிடும்.

அடுத்தது, சின்னச் சின்னப் படிகள். வியன்னாவில் 450 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அங்கே புதிதாகச் சேருபவர் கையில் கடிவாள வாரைக் கொடுப்பதில்லை, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. ஆசிரியர் நடுவில் நின்று, நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். மாணவர் சும்மா உட்கார்ந்து, குதிரையின் அசைவோடு தன் உடம்பு இசையும்வரை பழக வேண்டும். இப்படிப் பல மாதங்கள்! உலகத்தின் தலைசிறந்த சவாரிக்காரர்களே இப்படி ஆரம்பிக்கும்போது, முதல் நாளே நீங்கள் ஏன் ஓட வேண்டும்? முதலில் பிடரியைத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் பக்கத்தில் நடங்கள். பிறகு, நிற்கும் குதிரைமேல் ஏறி இறங்குங்கள். ஒரு படி சலிப்பாகத் தோன்றும் அளவுக்குப் பழகிய பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

ஏன் இப்படி? பழைய பய நினைவை மூளை அழிப்பதில்லை. "ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய நினைவை அதன் பக்கத்திலேயே உருவாக்கிக்கொள்கிறது. வயலில் புதிதாக விழும் ஒற்றையடிப் பாதை மாதிரிதான். நடக்க நடக்கத்தான் தடம் தெளியும், நடக்காவிட்டால் புல் மூடிவிடும். கோடை விடுமுறை முடிந்து மறுபடி லாயத்துக்குப் போகும்போது பழைய பயம் எட்டிப் பார்த்தால் கவலைப்படாதீர்கள். இப்படித் திரும்பி வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்கினால், முதல் தடவையைவிடச் சீக்கிரம் போய்விடும்.

பயத்துக்குக் காரணம் இருப்பதையும் மறுக்கக் கூடாது. குதிரையின் எடை 400, 500 கிலோ. விழுந்தால் அடிபடும். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது. "விழுந்தால் உடனே திரும்ப ஏறிவிடு" என்று ஒரு பழைய அறிவுரை உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்குச் சவாரி வேண்டாம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அடி இல்லை என்று உறுதியான பிறகு, சும்மா நிற்கும் குதிரைமேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து இறங்கினாலும் போதும்.

டென்மார்க்கைச் சேர்ந்த சவாரிக்காரர் லிஸ் ஹார்ட்டெல் செய்தது இதைவிடப் பல மடங்கு கடினம். 1944-இல், 23 வயதில், கருவுற்றிருந்த சமயம் அவரைப் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் செயலிழந்தன. குதிரைக்குக் காலால் சொல்லும் குறிப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. தானாக ஏறவும் முடியாது, பிறர்தான் தூக்கிவிட வேண்டும். அவரோ உட்காரும் விதம், எடையைச் சாய்க்கும் விதம், முதுகின் அசைவு ஆகியவற்றாலேயே ஜூபிலி என்ற தன் குதிரையோடு பேசப் பழகினார். விலாவில் ஈ உட்கார்ந்தாலே உணரும் பிராணிக்கு அது போதுமானதாக இருந்தது.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் முதல்முறையாகப் பெண்களையும் அனுமதித்தார்கள். ஆண்களோடு போட்டியிட்டு லிஸ் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஆன்ரி சென் சீர், பரிசு மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தார். 1956-இல் லிஸ் மறுபடியும் வெள்ளி வென்றார். அவரைப் பார்த்து ஊக்கம் பெற்றவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்களுக்குக் குதிரைச் சவாரியைச் சிகிச்சையாகத் தரும் மையங்களை ஐரோப்பாவில் தொடங்கினார்கள். இன்று அப்படிப்பட்ட மையங்கள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன.