மான் வேட்டையும் தோட்டாவின் இயற்பியலும்

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்குத் தடை விதித்துள்ளது. அவ்வாறிருக்க, மானைச் சுடத் தக்க தோட்டா எது என்னும் ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். ஆனால் உலகம் முழுவதும் இதே நிலை இல்லை. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சங்களாகக் குறைந்திருந்த வெண்வால் மான்கள், பாதுகாப்பினால் பெருகி இன்று ஏறத்தாழ மூன்று கோடி ஆகிவிட்டன. அவற்றைக் கொன்று தின்ற ஓநாய்களோ பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. மான்கள் இளஞ்செடிகளை மேய்ந்துவிடுவதால் காடு மீண்டும் தழைப்பதில்லை. ஸ்காட்லாந்தின் செம்மான்களின் கதையும் இதுவே. ஆகவே அந்நாடுகளில் உரிமம் பெற்றுக் குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது.

ஓர் உயிரைக் கொல்லச் சட்டம் இசைந்தாலும், அவ்வுயிர் நெடுநேரம் துடிக்காமல் விரைவில் இறத்தல் வேண்டும் என்பது அறம். குண்டடிபட்டு ஓடிப் புதருக்குள் பல மணி நேரம் கிடந்து சாகும் மானுக்கு இழைக்கப்படுவது கொடுமை. இக்கொடுமையைத் தவிர்ப்பதில் நாம் கல்லூரியில் பயிலும் இயக்கவியலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டாவின் உறுப்புக்கள்

தோட்டா என்பது குண்டு மட்டுமன்று. பித்தளைக் கூடு, அதனுள் நிரப்பிய வெடிமருந்து, அடிப்பகுதியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, வாய்ப்பகுதியில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. இதன் பெயர்கள் புதியவரைக் குழப்பும். ‘.30-06’ என்பதில் .30 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம், அதாவது 7.62 மில்லி மீட்டர். 06 என்பது அது அமெரிக்கப் படைக்கு ஏற்கப்பட்ட 1906-ஆம் ஆண்டைக் குறிக்கும். 1895-இல் விற்பனைக்கு வந்த ‘.30-30’ என்பதிலோ இரண்டாவது எண் ஆண்டன்று. தொடக்கத்தில் இட்ட வெடிமருந்தின் எடை 30 கிரெய்ன் என்பதாகும். 7,000 கிரெய்ன் கொண்டது ஓர் இராத்தல்.

மான் எதனால் வீழ்கிறது?

குண்டு மோதிய வேகத்தில் மான் தள்ளப்பட்டு விழுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு என்பதை உந்த அழிவின்மை விதியே காட்டிவிடும். .30-30 தோட்டாவின் 150 கிரெய்ன் குண்டின் எடை 9.72 கிராம். அது வினாடிக்கு 728 மீட்டர் திசைவேகத்தில் வெளிப்படுகிறது. எனவே அதன் உந்தம் சுமார் 7 கிலோகிராம் மீட்டர்/வினாடி. இவ்வுந்தம் முழுவதையும் 70 கிலோ எடையுள்ள மான் ஏற்றுக்கொண்டாலும் அது பெறும் திசைவேகம் வினாடிக்கு 10 செ.மீ. மட்டுமே! மான் வீழ்வதற்குக் காரணம் தள்ளுதல் அன்று. இதயமும் நுரையீரலும் சிதைந்து, மூளைக்குக் குருதி செல்லாமற் போவதே. இவ்வுறுப்புக்கள் அமைந்த நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலமுடையது. அவ்விடத்தில் குண்டு படுவதும், பட்ட இடத்தில் போதிய ஆழமும் அகலமும் உள்ள காயத்தை உண்டாக்குவதும் ஆகிய இரண்டுமே தோட்டாவைத் தேர்வதில் நாம் நோக்க வேண்டியவை.

இரு தோட்டாக்கள்: ஓர் ஒப்பீடு

மேற்கூறிய .30-30 தோட்டாவை, 1955-இல் அறிமுகமான ‘.243 வின்செஸ்டர்’ தோட்டாவுடன் ஒப்பிடுவோம். பின்னதன் 100 கிரெய்ன் குண்டு 6.48 கிராம் எடையுடையது; வினாடிக்கு 902 மீட்டர் வேகத்தில் செல்வது. இயக்க ஆற்றல் நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கிய தொகை என்பதை நாம் அறிவோம். அவ்வாறு கணக்கிட்டால் .30-30 குண்டின் ஆற்றல் சுமார் 2,580 ஜூல்; .243 குண்டின் ஆற்றல் சுமார் 2,640 ஜூல். குழல் வாயில் இரண்டும் ஏறத்தாழச் சமமே!

ஆனால் 200 கஜத் தொலைவில், அதாவது 183 மீட்டரில், நிலைமை மாறிவிடுகிறது. அங்கே .243 குண்டிடம் சுமார் 1,800 ஜூல் எஞ்சியிருக்க, .30-30 குண்டிடம் சுமார் 1,160 ஜூல் மட்டுமே எஞ்சுகிறது. காரணம் காற்றின் தடை. .30-30 தோட்டாவுக்கென அமைந்த துப்பாக்கிகளில் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். கூர்நுனிக் குண்டாயின் முன்னுள்ள தோட்டாவின் மூடியைக் குத்தி வெடிக்கச் செய்துவிடக் கூடும். ஆகையால் வழக்கமாக அதற்குத் தட்டையான மூக்கு வைக்கின்றனர். தட்டை மூக்கு காற்றைக் கிழித்துச் செல்வதில்லை.

புவியீர்ப்பையும் கருதவேண்டும். அத்தொலைவைக் கடக்க .243 குண்டுக்கு 0.22 வினாடியும் .30-30 குண்டுக்கு 0.3 வினாடியும் ஆகின்றன. அதற்குள் முன்னது சுமார் 24 செ.மீ.-உம், பின்னது சுமார் 45 செ.மீ.-உம் கீழே இறங்கிவிடுகின்றன. குறிக்கருவியைச் சரிசெய்து இதனை ஈடுகட்டலாம் என்பது உண்மையே. ஆயினும் தொலைவைத் தவறாக மதிப்பிட்டால் 20 செ.மீ. இலக்குக்குக் கீழே குண்டு பாய்ந்து, காலை முறித்துவிடும். ஆகவே மரங்கள் அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்குள் சுடுபவருக்கு .30-30 போதும், திறந்த மலைச்சரிவில் சுடுபவருக்கு.243, .270, .308 போன்றவையே தக்கவை.

குண்டின் அமைப்பு

இங்கு ஒரு விந்தை உண்டு. முழுவதும் உலோக உறையிட்ட படைக்குண்டு உடலை ஊசிபோல் துளைத்து மறுபுறம் சென்றுவிடும். மான் ஓடிப்போய் மெல்லச் சாகும். வேட்டைக் குண்டின் நுனியோ மென்மையாக அமைந்து, பட்டவுடன் காளான்போல் விரியும். இத்தகைய விரியும் குண்டுகள் 1890-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் செய்யப்பட்டமையால் ‘டம்டம் குண்டு’ என்றே பெயர் பெற்றன. 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் இவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டமோ வேட்டையில் இவற்றையே கட்டாயமாக்கியுள்ளது! போரில் காயமுற்ற வீரனுக்கு மருத்துவமனை உண்டு. காயமுற்ற மானுக்கு யார் உளர்?

அதே சட்டம் பெரிய வகை மான்களுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்திற்குக் குறையாமலும், குழல் வாயில் ஆற்றல் 1,700 அடி-இராத்தலுக்கு, அதாவது சுமார் 2,305 ஜூலுக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்கிறது. ஸ்காட்லாந்தின் 1985-ஆம் ஆண்டு ஆணை செம்மானுக்கு 1,750 அடி-இராத்தல் ஆற்றலோடு, வினாடிக்கு 2,450 அடி, அதாவது 747 மீட்டர் வேகத்தையும் கேட்கிறது. நாம் கண்ட .30-30 குண்டு இங்கிலாந்தில் தேறி, ஸ்காட்லாந்தில் தோற்கிறது என்பது நோக்கத்தக்கது.

பின்னுதைப்பு

அப்படியானால் மிக வலிய தோட்டாவையே தேர்ந்துகொண்டால் என்ன? இதற்கு விடை நியூட்டனின் மூன்றாம் விதி. குண்டு முன்செல்ல, துப்பாக்கி பின்னே தோளை உதைக்கும். ஒரே எடையுள்ள துப்பாக்கிகளில் .30-06-இன் பின்னுதைப்பு ஆற்றல் .243-ஐப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அவ்வுதைக்கு அஞ்சி, சுடும் கணத்தில் கண்ணை மூடித் தோளைக் குலுக்குபவரின் குறி தவறும். வயிற்றில் பட்ட .30-06 குண்டைவிட நெஞ்சில் பட்ட .243 குண்டே கருணை மிக்கது.

ஈயமா, செம்பா?

ஈயக் குண்டு விரியும்போது நுண்துகள்களாகவும் சிதறுகிறது. அத்துகள்கள் உண்போரின் இறைச்சியிலும், காட்டில் விடப்பட்ட குடலைத் தின்னும் பறவைகளின் வயிற்றிலும் சேர்கின்றன. 1982-இல் 22 பறவைகளே எஞ்சியிருந்த கலிபோர்னியாப் பெருங்கழுகின் அழிவுக்கு ஈய நஞ்சு ஒரு முக்கியக் காரணம். எனவே கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் விலக்கியது. மாற்று செம்பு. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆதலால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். சில குழல்களின் புரிகள் அதை நிலையாகச் சுழலச் செய்யமாட்டா. இதனைக் கருதியே ஸ்காட்லாந்து 100 கிரெய்ன் என்றிருந்த குறைந்த அளவு எடையை 2023-இல் 80 கிரெய்ன் ஆக்கியது.

சுருங்கக் கூறின், எந்த நிலத்தில், எத்தொலைவில், எவ்வகை மானை, யாருடைய தோள் தாங்கிச் சுடப்போகிறது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே தோட்டாவைத் தேரவேண்டும். ஆற்றலைக் கணக்கிடச் சூத்திரம் உண்டு. தொலைவு மிகுதி, குறி ஐயம் என்று தோன்றும்போது சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தும் மனத்திண்மைக்குச் சூத்திரம் இல்லை. அதனைச் சுடுபவரே பெற்றிருத்தல் வேண்டும்.