புதுக் காருக்கு மேலும் வேகம் ஏற்றலாமா?

கம்பெனி கொடுத்த உத்தரவாதம் பறிபோகாமல் காப்பது எப்படி?

புதுக் கல்யாணம், புது வீடு, புதுக் கார். இந்த மூன்றுக்கும் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது!

அமெரிக்காவில் ஒரு வாலிபர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டால் போதும். நண்பர்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

"சைலன்சரை மாற்று. சத்தம் சிங்க கர்ஜனை போல இருக்கும்" என்பார் ஒருவர்.

"கம்ப்யூட்டரை மாற்றி எழுது. கார் பறக்கும்" என்பார் இன்னொருவர்.

"எதையும் தொடாதே! தொட்டால் வாரண்டி போய்விடும்" என்று பயமுறுத்துவார் மூன்றாமவர்.

இவர்களில் யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான் பலர் ஆயிரக்கணக்கான டாலரை இழக்கிறார்கள்.

வாரண்டு அல்ல, வாரண்டி!

வாரண்டு என்றால் போலீசார் கொண்டு வருவது. வாரண்டி என்றால் கார் கம்பெனி கொடுப்பது. "குறிப்பிட்ட காலத்துக்குள் எங்கள் வேலையில் குறை தெரிந்தால், எங்கள் செலவில் சரி செய்து தருகிறோம்" என்ற எழுத்து மூலமான உறுதிதான் அது.

அமெரிக்காவில் புகழ் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், போர்டு கம்பெனியின் மஸ்டாங். 2024-ம் ஆண்டு மாடலில், ஜி.டி. என்ற வகையின் என்ஜினுக்கு 480 குதிரை சக்தி. விலை 40 ஆயிரம் டாலருக்கும் மேல்.

இந்தக் காருக்குப் பொதுவான உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36 ஆயிரம் மைல். இதில் எது முன்னால் வருகிறதோ, அதோடு முடிந்தது. என்ஜின், கியர் பெட்டி ஆகியவற்றுக்கு 5 ஆண்டு அல்லது 60 ஆயிரம் மைல்.

என்ஜின் உடைந்தால் புதிது போட பல ஆயிரம் டாலர் ஆகும். கடன் வாங்கிக் கார் வாங்கியவர், கார் தவணையையும் கட்டி, என்ஜினுக்கும் பணம் கொடுக்க முடியுமா? ஆகவே, அந்த உத்தரவாதக் காகிதம் வெறும் காகிதம் அல்ல. அது குடும்பத்தின் பாதுகாப்பு.

கோழி வளர்த்தவர் செய்த கார்

காருக்கு வேகம் ஏற்றும் ஆசை புதிதல்ல.

டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த காரல் ஷெல்பி என்பவர் முதலில் கோழிப் பண்ணை நடத்தினார். கோழிகள் நோயில் மடிந்தன. தொழில் படுத்தது. அவர் கார் பந்தயத்தில் இறங்கினார். 1959-ல் பிரான்சு நாட்டில் நடக்கும் லெ மான் என்ற 24 மணி நேரப் பந்தயத்தில், கூட்டாளி ஒருவருடன் மாறி மாறிக் கார் ஓட்டி வெற்றி பெற்றார். பிறகு இருதய நோய் காரணமாகப் பந்தயத்தை விட்டுவிட்டு, கார் செய்வதில் ஈடுபட்டார்.

மஸ்டாங் கார் 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. பார்க்க அழகு. ஆனால் பந்தயத்தில் பெயர் வாங்கவில்லை. போர்டு கம்பெனி ஷெல்பியின் உதவியை நாடியது.

1965-ல் அவர் உருவாக்கிய காரின் பெயர் ஜி.டி.350. மஸ்டாங் என்ஜினின் சக்தி 271 குதிரை. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியையும், புகை வெளியே வரும் வழியையும் மாற்றி, அதை 306 குதிரை ஆக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெல்பி என்ஜினை மட்டும் தொடவில்லை. பிரேக்கைப் பலப்படுத்தினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். பின் சீட்டை எடுத்து எடையைக் குறைத்தார். வேகம் கூடினால் அதைத் தாங்கவும், நிறுத்தவும் கார் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அது மட்டுமா? இந்த மாற்றங்கள் கம்பெனியின் சம்மதத்தோடு நடந்தன. வீட்டுக் கொட்டகையில் நாமே மாற்றினால் நிலைமை வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் கம்பெனிகள் வைத்ததே சட்டம். "எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும். வேறு பாகம் போட்டால் உத்தரவாதம் ரத்து" என்று சொல்ல முடிந்தது.

இதற்கு முடிவு கட்ட ஒரு சட்டம் வந்தது. மாக்னுசன் என்ற செனட்டரும், மாஸ் என்ற காங்கிரஸ் சபை உறுப்பினரும் கொண்டு வந்ததால், அதற்கு மாக்னுசன்-மாஸ் சட்டம் என்று பெயர். 1975 ஜனவரியில் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு அதில் கையெழுத்திட்டார். (இவருக்கும் போர்டு கார் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை!)

"எங்கள் கம்பெனிப் பாகத்தை வாங்கினால்தான், எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தால்தான் உத்தரவாதம்" என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் முக்கிய விதி. கம்பெனி அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் அப்படிச் சொல்லலாம். அல்லது மத்திய வர்த்தகக் கமிஷனிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

சட்டம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2022 ஜூனில், புகழ் பெற்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பெனி மீது இதே கமிஷன் நடவடிக்கை எடுத்தது. வெளிப் பாகம் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லக்கூடாது என்றது. வெளிப் பாகம் போட்டாலும் உத்தரவாதம் போகாது என்று வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும்படி எழுதவும் வைத்தது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள்! சட்டத்தின் மறுபக்கமும் இருக்கிறது. நீங்கள் போட்ட பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்டிவிட்டால், அந்தப் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் தொட்டதால் கெட்டது உங்கள் செலவு. அதற்குச் சம்பந்தம் இல்லாமல் கெட்டது கம்பெனி செலவு.

சைலன்சரை மாற்றியவரின் காரில் ஜன்னல் மோட்டார் கெட்டுப்போனால், "சைலன்சரை மாற்றினாயே" என்று கம்பெனி கைவிரிக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரை மாற்றி எழுதிய காரில் என்ஜின் பிஸ்டன் உடைந்தால்?

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றமாகப் பார்ப்போம்.

1. டயர்: காரும் சாலையும் சந்திக்கும் இடம் டயர்தான். நல்ல டயர் போட்டால் கார் வளைவில் பிடித்து ஓடும், சீக்கிரம் நிற்கும். கம்பெனி சொன்ன அளவிலேயே வாங்கினால் பயம் இல்லை. முதல் செலவு இதற்கே இருக்கட்டும்.

2. பிரேக்: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். ஆகவே நல்ல பிரேக் பேடும், சூடு தாங்கும் பிரேக் எண்ணெயும் உயிர் காக்கும். என்ஜின் உத்தரவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

3. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்: காரைத் தாழ்த்தினால் பார்வைக்கு அழகு. ஆனால் அதனால் பக்கத்துப் பாகங்கள் தேய்ந்தால், செலவு உங்கள் தலையில். என்ஜின் உத்தரவாதம் நிற்கும்.

4. சைலன்சர்: என்ஜினை அடுத்து, நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவு. சத்தம் கூடும், சக்தி கொஞ்சமே கூடும். புகைக் கருவியைக் கழற்றி எறிவதோ குற்றம்! அமெரிக்கக் காற்றுச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அந்தக் கருவிக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80 ஆயிரம் மைல் உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தச் சலுகையை யாராவது குப்பையில் போடுவார்களா?

5. காற்று உள்ளே போகும் குழாய்: 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய, ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். காற்றின் அளவை ஒரு சிறு கருவி அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. குழாயின் வடிவம் மாறினால் அந்தக் கணக்குத் தவறலாம். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் என்ஜினுக்குக் கேடு. ஆகவே, உங்கள் காருக்கென்றே சோதித்துச் செய்த பாகத்தை மட்டும் வாங்க வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில் இத்தகைய பாகத்துக்கு அரசின் அனுமதி எண் தேவை.

6. கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது: இங்கேதான் அபாயம் தொடங்குகிறது. எப்போது பொறி விட வேண்டும், எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று என்ஜினுக்குக் கட்டளை இடுவது கம்ப்யூட்டர். காற்றை அழுத்தி ஊட்டும் 'டர்போ' உள்ள கார்களில், கட்டளையை மாற்றினால் சக்தி மளமளவென்று கூடும். ஆனால் கம்பெனி விட்டிருந்த பாதுகாப்பு இடைவெளி குறைந்துவிடும். பெட்ரோல் முறையாக எரியாமல் உள்ளே தாறுமாறாக வெடிக்கலாம். அந்த அடியில் பிஸ்டன் உடையும்.

7. 'சூப்பர்சார்ஜர்': என்ஜின் சக்தியிலேயே சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் எந்திரம் இது. சக்தி மிக அதிகம், ஆபத்தும் அதிகம்.

கம்பெனியே விற்கிறது!

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. வேகம் ஏற்றும் பாகங்களைச் சில கார் கம்பெனிகள் தாங்களே விற்கின்றன.

480 குதிரை சக்தி உள்ள மஸ்டாங் என்ஜினுக்கு, போர்டு கம்பெனியே ஒரு சூப்பர்சார்ஜரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைப் பொருத்தினால் 800 குதிரை சக்திக்கு மேல் கிடைக்கும். விலை சுமார் 10 ஆயிரம் டாலர். கம்பெனி ஏஜென்டோ, தகுதிச் சான்று பெற்ற மெக்கானிக்கோ பொருத்தினால், 3 ஆண்டு அல்லது 36 ஆயிரம் மைல் உத்தரவாதம் உண்டு.

எண்ணைக் கவனித்தீர்களா? சாதாரண என்ஜினுக்கு 5 ஆண்டு, 60 ஆயிரம் மைல். கம்பெனியே விற்கும் இந்த எந்திரத்துக்கு 3 ஆண்டு, 36 ஆயிரம் மைல்தான். தன் சொந்தப் பாகத்துக்கே கம்பெனி இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது என்றால், தெருக்கோடிப் பட்டறையில் போடும் பாகத்துக்கு யார் உறுதி சொல்வார்கள்?

மறைக்க முடியுமா?

"கார் கெட்டால் பழைய பாகத்தைத் திரும்பப் பொருத்தி, ஒன்றும் தெரியாதவர் போல் ஒர்க்ஷாப்புக்குப் போகலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது! கம்ப்யூட்டரில் எத்தனை முறை மாற்றி எழுதினார்கள் என்பதைப் பல கார்கள் கணக்கு வைக்கின்றன. பழையபடி எழுதினாலும் அந்தக் கணக்கு அழிவதில்லை. செய்ததை மறைப்பது மோசடி என்பதையும் மறக்கக்கூடாது.

பாகத்தை மாற்றாமலே உத்தரவாதத் தகராறில் மாட்டியவர்களும் உண்டு. நிசான் ஜி.டி.ஆர். என்ற கார் 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சறுக்கலைத் தடுக்கும் பாதுகாப்பை பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பினார்கள் சிலர். கியர் பெட்டி உடைந்தது. யார் செலவு என்று பெரிய தகராறு மூண்டது. பிறகு கம்பெனி அந்தப் பாய்ச்சலையே மென்மையாக்கியது. காரை எப்படி ஓட்டுகிறோம் என்பதும் உத்தரவாதத்தில் சேர்த்திதான். பந்தயத்தில் வரும் சேதத்தைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை.

தகராறு வந்தால் என்ன செய்வது?

பாகம் வாங்கும் முன்பே உத்தரவாதப் புத்தகத்தைப் படியுங்கள். சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று விற்பனையாளர் வாயால் சொல்வது கோர்ட்டில் நிற்காது.

கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணெய் மாற்றிய ரசீது உட்பட எல்லா ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

கம்பெனி கைவிரித்தால் கோபப்படாதீர்கள். "எந்தப் பாகத்தால், எப்படி இந்தப் பழுது வந்தது?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு ஒரு மெக்கானிக்கின் கருத்தைக் கேளுங்கள். மத்திய வர்த்தகக் கமிஷனிடம் புகார் செய்யலாம். கோர்ட்டுக்கும் போகலாம். வென்றால், வக்கீல் செலவையும் கம்பெனி தர வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட மாக்னுசன்-மாஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது.

புதுக் கார் வாங்கியவர், முதலில் டயரும் பிரேக்கும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். என்ஜினின் உள் விவகாரத்தில் கை வைக்கும் ஆசை இருந்தால், உத்தரவாதக் காலம் முடியும் வரை பொறுக்கட்டும். பொறுக்க முடியாதவர், கம்பெனி விற்கும் பாகத்தைத் தகுந்த ஆளிடம் கொடுத்துப் பொருத்தட்டும். அதற்கும் மேலே போக நினைப்பவர், இன்னொரு என்ஜினுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும்!