டயான் பூசிக்கோ

டயான் பூசிக்கோ (டிசம்பர் 26, 1820 – செப்டம்பர் 18, 1890) அயர்லாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய நடிகரும் நாடகாசிரியரும் ஆவார். 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன், நியூயார்க் ஆகிய இரு நகரங்களின் மேடைகளிலும் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். நாடகாசிரியர்களுக்கு மேடையேற்ற உரிமை கிடைக்கப் பாடுபட்டவர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

டப்லின் நகரில் பிறந்தார். தாயின் கணவர் சாமுவேல் பூர்சிக்கோ ஒரு மது வணிகர். எனினும் இவரது தந்தை அறிவியல் எழுத்தாளர் டயோனிசியஸ் லார்ட்னரே எனப் பெரிதும் கருதப்படுகிறது. இளமையில் லீ மோர்ட்டன் என்னும் புனைபெயரில் நடித்தார். 1841-இல் கோவண்ட் கார்டன் அரங்கில் மேடையேறிய "இலண்டன் அசூரன்ஸ்" நகைச்சுவை நாடகம் இவருக்குப் புகழ் தேடித் தந்தது. அப்போது இவருக்கு வயது இருபதே. 1853-இல் நடிகை ஆக்னஸ் இராபர்ட்சனுடன் நியூயார்க் சென்றார்.

1857-இன் இந்தியக் கிளர்ச்சி அடங்கும் முன்னரே, இலக்னோ முற்றுகையைக் கொண்டு "ஜெசி பிரவுன்" என்னும் நாடகத்தை எழுதி 1858-இல் நியூயார்க்கில் அரங்கேற்றினார். அதில் நானா சாகிப் வேடத்தை ஏற்றவர் பூசிக்கோவே. வரலாற்றில் நானா சாகிப் கான்பூரில் தலைமையேற்றவர். நாடகமோ அவரை இலக்னோவில் கொடியவனாக நிறுத்துகிறது. ஆங்கிலேயப் பார்வையை அப்படியே ஏற்ற படைப்பு இது எனலாம்.

தி ஆக்டரூன்

அடிமை முறைக்கு எதிராக ஆயுதமேந்திய ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட சில நாள்களில், 1859 டிசம்பரில், இந்நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. எட்டில் ஒரு பங்கு கறுப்பின மரபு கொண்டவள் என்பதால் ஏலத்தில் விற்கப்படும் சோயி என்ற பெண்ணின் கதை இது. கொலையாளியை ஒளிப்படம் காட்டிக்கொடுப்பது அக்காலத்தில் புதுமையாக இருந்தது. அடிமை முறையின் கொடுமையைக் காட்டினாலும் நாடகம் வெளிப்படையாக எப்பக்கமும் சாரவில்லை. மூல வடிவில் சோயி நஞ்சுண்டு இறக்கிறாள். இலண்டன் பார்வையாளர்கள் இதை ஏற்காததால் 1861-இல் முடிவு மகிழ்ச்சியாக மாற்றப்பட்டது. 2014-இல் பிரான்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸ் இதனை "ஆன் ஆக்டரூன்" என மறுவாக்கம் செய்து மேடையேற்றினார்.

அயர்லாந்து நாடகங்கள்

"தி காலீன் பான்" (1860), "அர்ரா-நா-போக்" (1864), "தி ஷாக்ரான்" (1874) ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஆங்கில மேடையில் அயர்லாந்துக்காரர் என்றாலே குடித்து உளறும் கோமாளி என்றிருந்த வழக்கத்தை மாற்றி, நாட்டுப்புற ஏழையைத் துணிவும் அறிவும் மிக்கவனாகக் காட்டினார். அப்பாத்திரங்களில் தாமே நடித்தார். "தி காலீன் பான்" நாடகத்தை விக்டோரியா அரசியார் மும்முறை கண்டார். "தி ஷாக்ரான்" வெற்றிக்குப் பின், சிறையிலிருந்த அயர்லாந்து விடுதலைப் போராளிகளை விடுவிக்குமாறு பிரித்தானியத் தலைமை அமைச்சர் டிசுரேலிக்குக் கடிதம் எழுதினார்.

உரிமைப் போராட்டம்

அக்காலத்தில் நாடகாசிரியருக்கு ஒருமுறை மட்டுமே தொகை தரப்பட்டது. நாடகம் நூறு நாள் ஓடினாலும் வருவாய் முழுதும் அரங்க உரிமையாளருக்கே. அமெரிக்காவில் அச்சான நாடகத்தை யாரும் கேட்காமலே நடிக்கலாம். ராபர்ட் மாண்ட்கோமரி பேர்ட், ஜார்ஜ் ஹென்றி போக்கர் ஆகியோருடன் இவரும் வற்புறுத்தியதன் விளைவாக 1856-இல் அமெரிக்கச் சட்டம் மேடையேற்ற உரிமையை ஆசிரியருக்கு வழங்கியது. இலண்டனில் "தி காலீன் பான்" நாடகத்திற்கு வசூலில் பங்கு கேட்டுப் பெற்றார். வெளியூர்களுக்கு நாடகத்தை விற்காமல், தாமே குழு அமைத்து அனுப்பினார். பிரெஞ்சு நாடகங்களைத் தாராளமாகத் தழுவி எழுதியவரும் இவரே என்பது முரண்.

இறுதிக் காலம்

1885-இல் ஆக்னசிடமிருந்து மணமுறிவு பெறாமலே ஆஸ்திரேலியாவில் லூயிஸ் தார்ண்டைக்கை மணந்தது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி அளித்து வாழ்ந்து, அங்கேயே காலமானார். இவருடைய மகள் நீனா பூசிக்கோ 1904-இல் பீட்டர் பான் வேடத்தை முதன்முதலில் ஏற்று நடித்தவர்.