நரம்பைத் தொடாமலே நரம்பை முடக்கும் வைரஸ்

கொரோனாவுக்குப் பிந்தைய மறதி, மணமின்மை பற்றிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் தருவதாகச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. "வைரஸ் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தின்றதால்தான் வாசனை போனதா?" என்பது ஒன்று. "எனக்கு வந்தது லேசான தொற்றுதானே, பிறகு ஏன் இந்த மறதி?" என்பது மற்றொன்று.

இரண்டுக்குமான விடை மூக்கின் உச்சியிலிருந்து தொடங்குகிறது. அங்குள்ள மெல்லிய சவ்வில் மணம் உணரும் நரம்பணுக்களும், அவற்றைத் தாங்கிப் பேணும் துணையணுக்களும் இருக்கின்றன. கொரோனா உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் துணையணுக்களில் உண்டு, நரம்பணுக்களில் இல்லை என்று 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் தொற்றாத நரம்பணு ஏன் வேலையை நிறுத்துகிறது?

கொலம்பியா, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ‘செல்’ இதழில் தந்த விளக்கம் என்னை வியக்கவும் கலங்கவும் வைத்தது. மனிதருக்கு மண ஏற்பி மரபணுக்கள் சுமார் 400. ஒவ்வொரு நரம்பணுவும் அவற்றில் ஒன்றை மட்டுமே இயக்கும். அந்த ஒன்று இயங்க, வெவ்வேறு குரோமோசோம்களில் கிடக்கும் டிஎன்ஏ பகுதிகள் உட்கருவுக்குள் ஓரிடத்தில் கூடியாக வேண்டும். பக்கத்துத் துணையணுக்களில் தொற்று ஏறும்போது கிளம்பும் அழற்சிச் சமிக்ஞைகள் இந்தக் கூடுகையைக் கலைத்துவிடுகின்றன. ஏற்பி உற்பத்தி படுத்துவிடுகிறது. அண்டை வீட்டில் தீ, நம் வீட்டில் புகை மூட்டம் என்பதுபோல, கிருமி நுழையாத அணு செயலற்று நிற்கிறது. வைரஸ் அகன்ற பிறகும் கலைந்தது உடனே கூடுவதில்லை.

நரம்பைக் கெடுக்க வைரஸ் நரம்புக்குள் போகவே தேவையில்லை என்பதே இதன் பொருள். மூளையிலும் இதே போக்கின் அடையாளங்கள் தெரிகின்றன. கொரோனாவில் இறந்த சிலரின் மூளையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, சிறு ரத்தக் குழாய்கள் சேதமுற்றிருந்தன, வைரஸ் அகப்படவில்லை. பிரிட்டனில் 785 பேரின் மூளையை இரண்டு முறை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். இடையில் தொற்று கண்ட 401 பேருக்கு, மணத்தோடு தொடர்புள்ள பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கே போகாதவர்கள். சுருக்கம் 0.2 முதல் 2 சதவீதம்வரைதான். அதை வைத்து டிமென்ஷியா வந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

ஆகவே ‘லேசானது’ என்ற அரசு முத்திரையை அளவோடு நம்புங்கள். மூச்சுத்திணறல் இல்லை, ஆக்சிஜன் குறையவில்லை என்பதே அந்தச் சொல்லுக்கு இந்திய வழிகாட்டுதல் தந்த இலக்கணம். மூளையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2020 மே மாத விதிப்படி, அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்து, 3 நாள் காய்ச்சலும் இல்லாவிட்டால் பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பி, ‘குணமடைந்தோர்’ கணக்கில் சேர்த்தார்கள். மணமின்மையை மத்திய சுகாதார அமைச்சகம் அறிகுறிப் பட்டியலில் சேர்த்ததே ஜூன் மாதத்தில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறையோ, வேறு எந்த நோயாலும் விளக்க முடியாத அறிகுறிகளையே நீண்டகால கொரோனா என ஏற்கிறது. அதை நிரூபிக்கும் சுமையும் சோதனைச் செலவும் நோயாளியின் தலையில் விழுகின்றன.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

காபி நாறுகிறதா? மீண்டு வரும் மணவுணர்வு திரிந்து தெரிவது பலருக்கும் நேர்வதுதான்.

மணப் பயிற்சி? ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலத்தை நாள்தோறும் இருவேளை, மூன்று மாதமாவது முகர்ந்து பாருங்கள், கெடுதல் இல்லை.

ஞாபகசக்தி மாத்திரை? இந்த மறதிக்கென்று நிரூபணமான மருந்து இதுவரை இல்லை.

தடுப்பூசி? ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால்? உடனே 108.

காலில் தொடங்கிய பலவீனம் மேலேறுகிறதா? கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மறதிக்காக மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், தொற்று வந்த மாதத்தையும் மறதி தொடங்கிய காலத்தையும் எழுதி எடுத்துப் போங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனப்பிரமை’ என்று திருப்பி அனுப்பினால், தயங்காமல் வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.