காத்திருக்கத் தெரிந்த பணம்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், பணகுடிக்கு அருகே மகேந்திரகிரி மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இருக்கிறது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அங்கே கிரையோஜெனிக் எஞ்சின் ஒன்றைச் சோதிக்கும்போது, அதன் குழாய்களில் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவ ஹைட்ரஜன் பாய்கிறது. அதே எஞ்சினின் எரியறைக்குள் சுமார் 3,000 டிகிரியில் நெருப்பு சீறுகிறது. அந்தக் குளிரையும் இந்த வெப்பத்தையும் பிரித்து நிற்கும் உலோகச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். சுவர் உருகவும் கூடாது, விரிசல் விடவும் கூடாது.

இந்தச் சுவரை, இதைச் சுற்றியுள்ள பம்புகளை, வால்வுகளைச் செய்யக் கற்றுக்கொள்ள இந்தியாவுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டும் சம்பளம் கொடுத்தது, சோதனை மேடை கட்டியது, ராக்கெட் கடலில் விழுந்தபோதும் அடுத்த தவணையை நிறுத்தாமல் அனுப்பியது அரசு கஜானா. விண்வெளி ஆராய்ச்சியில் பொதுப்பணம் எதை வாங்குகிறது என்பதை அறிய இந்த எஞ்சினின் கதையைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

ஏன் இத்தனை குளிர்?

ராக்கெட் பின்பக்கமாக வாயுவைத் தள்ளித்தான் முன்னே போகிறது. வாயு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு எரிபொருள் மிச்சம். ஒரே வெப்பநிலையில் கனமான மூலக்கூறுகளைவிட இலேசான மூலக்கூறுகள் வேகமாக ஓடும். எல்லாவற்றிலும் இலேசானது ஹைட்ரஜன். அதை ஆக்சிஜனோடு எரித்தால் கிடைப்பது நீராவி; அதுவும் இலேசுதான்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் இருக்கும் விகாஸ் எஞ்சினிலிருந்து வாயு விநாடிக்கு ஏறக்குறைய 2.9 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. கிரையோஜெனிக் எஞ்சினில் இது சுமார் 4.4 கிலோமீட்டர். பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராக்கெட்டின் உச்சியில், செயற்கைக்கோளோடு சேர்த்து 10 டன் எடையுள்ள ஒரு நிலை இருக்கிறது. அதன் வேகத்தை விநாடிக்கு 5 கிலோமீட்டர் கூட்ட வேண்டும். முதல் வகை எஞ்சின் என்றால், எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சுவது 1.8 டன். கிரையோஜெனிக் என்றால் 3.2 டன். காலித் தொட்டியும் எஞ்சினும் இந்த மிச்சத்துக்குள்தான் அடக்கம். அவை போக எஞ்சுவதே செயற்கைக்கோளின் எடை. புவியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளை அனுப்ப நினைக்கும் எந்த நாட்டுக்கும் இந்த எஞ்சின்மீது ஆசை வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஹைட்ரஜன் வாயுவாக இருந்தால் அதை அடைக்க ராக்கெட்டை மலையளவு கட்ட வேண்டும். ஆகவே அதைக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். அப்படி ஆக்கியும் அது ஒரு லிட்டருக்கு 71 கிராம்தான் எடை. இவ்வளவு இலேசான திரவத்தைப் போதிய அழுத்தத்தில் எரியறைக்குத் தள்ள, பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 40,000 முறை சுழல வேண்டும். அந்தக் குளிரில் எண்ணெயும் கிரீசும் கல்லாகிவிடும் என்பதால், பம்பின் பேரிங்குகளைக் குளிர்ந்த எரிபொருளே நனைத்துக் காக்க வேண்டும். உலோகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்கும். அறை வெப்பத்தில் இறுகப் பொருந்திய மூட்டு, குளிரில் கசியும். குழாய்க்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தாலும் அது உறைந்து வால்வை அடைத்துவிடும். இத்தனையும் சரியாக அமைந்த பிறகு, காற்றே இல்லாத உயரத்தில், ராக்கெட் பறந்துகொண்டிருக்கும்போது, எஞ்சின் ஒரே முயற்சியில் பற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கான விதிகள் பாடநூலில் இருக்கின்றன. எந்த மூட்டு எப்போது கசியும் என்பது பாடநூலில் இல்லை. அதை உடைத்துப் பார்த்து, எரித்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

மூடிய கதவு

இந்தியா முதலில் இதை விலைக்கு வாங்கவே முயன்றது. அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1974-ல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்தது. நம் பொறியாளர்கள் அங்கே போய் நூறு மனித ஆண்டுகள் அளவுக்கு உழைப்பது; பதிலுக்கு அவர்களுடைய வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொள்வது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில் உழைப்பையே விலையாகக் கொடுத்த அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் விகாஸ். பி.எஸ்.எல்.வி. முதல் எல்.வி.எம்.-3 வரை இன்றும் அதன் வழிவந்த எஞ்சின்களே உழைக்கின்றன.

1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு கையெழுத்தான ஒப்பந்தம் அதைப் போலவே நம்பிக்கை தந்தது. சுமார் 235 கோடி ரூபாய்க்கு இரண்டு கிரையோஜெனிக் எஞ்சின்களும் அவற்றைச் செய்யும் தொழில்நுட்பமும் வர வேண்டும். ஆனால் அதே ஆண்டில் சோவியத் யூனியன் கலைந்தது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி, 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ, கிளாவ்காஸ்மாஸ் இரண்டின் மீதும் தடை விதித்தது. கடைசி நேரத்தில் நிரப்பி உடனே ஏவ வேண்டிய, நாள்கணக்கில் சேமித்து வைக்க முடியாத இந்த எரிபொருள் போர் ஏவுகணைக்கு உதவாது என்று இந்திய விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். பலன் இல்லை. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. முடிவில் ஏழு தயார் நிலைகள் மட்டும் வந்தன, செய்முறை வரவில்லை.

1994-ல் மத்திய அரசு, கிரையோஜெனிக் மேல்நிலையை உள்நாட்டிலேயே உருவாக்கும் திட்டத்துக்கு 300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்தத் துறையை முன்னின்று நடத்திய நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு பொய்யானது என்று சி.பி.ஐ. 1996-ல் அறிக்கை தந்தது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. தொழில்நுட்பத்தை வளர்ப்பவர்களையும் காக்க வேண்டும் என்ற பாடத்தை நாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

நூறு ரூபாயில் 26 காசு

இந்தப் பணம் எப்படி வருகிறது? விண்வெளித் துறையும் விண்வெளி ஆணையமும் 1972-ல் அமைக்கப்பட்டன. பெரிய திட்டங்கள் மத்திய அமைச்சரவைக்குப் போய், இவ்வளவு தொகை, இன்னின்ன வேலை என்று ஒப்புதல் பெறுகின்றன. பிறகு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் மானியக் கோரிக்கையை நிறைவேற்றி அந்த ஆண்டுக்கான பங்கை விடுவிக்கிறது. செலவைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்கிறார்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 13,416 கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 50 லட்சம் கோடிக்கு மேல். அதாவது அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் விண்வெளிக்குப் போவது ஏறத்தாழ 26 காசு. ராக்கெட், செயற்கைக்கோள், புயல் எச்சரிக்கைக்கு உதவும் படங்கள், மீனவர்களுக்கான தகவல், நிலவுப் பயணம், ஊழியர் சம்பளம் எல்லாம் இந்த 26 காசுக்குள்தான்.

தொகையின் அளவைவிட அதன் இயல்பு முக்கியம். வங்கிக் கடனுக்கு அடுத்த மாதமே வட்டி கட்ட வேண்டும். தனியார் முதலீட்டாளர் சில ஆண்டுகளில் பலனை எதிர்பார்ப்பார்; அது அவருடைய உரிமை. வருமானமே வராத, வருமா என்பதும் தெரியாத இருபது ஆண்டுகளை அவரால் தாங்க முடியாது. தேரிக்காட்டு ஊர்களில் பனை விதை ஊன்றியவர்களைப் போல, பலனைத் தாமே பார்க்க மாட்டோம் என்று தெரிந்தும் ஊன்றுகிற மனம் இதற்கு வேண்டும். ஒரு நாட்டில் அந்த மனத்தோடு பெரும் பணத்தைச் செலவிடக்கூடிய இடம் அரசு ஒன்றுதான்.

கடலில் விழுந்த இரண்டு ராக்கெட்டுகள்

2001 ஏப்ரல் 18 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ரஷ்ய நிலையைத் தாங்கிப் பறந்தது. உள்நாட்டு எஞ்சினின் வேலை மகேந்திரகிரியில் தொடர்ந்தது. 2007 நவம்பரில் முழு நிலையையும் தரையில் 720 விநாடிகள் எரித்துக் காட்டினார்கள். பறப்பதற்குத் தேவையான முழு நேரம் அது.

2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. டி-3 கிளம்பியது. முதல் இரண்டு நிலைகள் சரியாக வேலை செய்தன. கிரையோஜெனிக் எஞ்சின் பற்றியது. பற்றிய சில நொடிகளுக்குள் ஹைட்ரஜனை முதலில் உறிஞ்சித் தரும் பூஸ்டர் டர்போ பம்ப் நின்றுவிட்டது. ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, ரஷ்ய நிலையோடு கிளம்பிய இன்னொரு ஜி.எஸ்.எல்.வி. ஏவப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஒரே ஆண்டில் இரண்டு தோல்விகள்.

பணத்தின் குணம் வெளிப்படும் நேரம் இதுதான். திட்டத்தை மூடியிருக்கலாம், வெளிநாட்டு ராக்கெட்டுகளை வாடகைக்கு எடுத்தால் போதும் என்று முடிவெடுத்திருக்கலாம். அரசு அப்படிச் செய்யவில்லை. நின்றுபோன பம்பின் வடிவமைப்பு மாற்றப்பட்டது. தரையில் எரிவதும் வெற்றிடத்தில் எரிவதும் ஒன்றல்ல என்பதால், அந்த உயரத்தின் வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கும் சோதனைக் கூடத்தில் எஞ்சினை 2013-ல் பற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று ஏவத் தயாராக இருந்தபோது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்தது. சற்றேறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே மிச்சமிருந்தபோது இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தினார்கள். கசிந்த நிலையையே மாற்றிவிட்டு மறுபடி தயாரானார்கள்.

2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5 பறந்தது. இந்தியாவில் பிறந்த கிரையோஜெனிக் எஞ்சின் வானில் பற்றி, தன் முழு நேரமும் எரிந்து, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சேர வேண்டிய பாதையில் சேர்த்தது. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து இருபது ஆண்டுகள் நிறைய மூன்று மாதங்கள் பாக்கி.

அதற்குப் பின் வந்தவை

முதல் எஞ்சினில் கற்ற பாடம் அடுத்ததை எளிதாக்கியது. அதைவிட மிகப் பெரிய, சுமார் 20 டன் உந்துவிசை தரும் சி.இ.-20 எஞ்சின், 2017 ஜூன் 5 அன்று எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் தன் முதல் பயணத்திலேயே வென்றது. சந்திரயான்-3 விண்கலத்தை 2023 ஜூலையில் புவியின் சுற்றுப்பாதைக்குத் தூக்கிச் சென்றது இந்த எஞ்சின்தான். பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனம் தன் 72 செயற்கைக்கோள்களை இரண்டு பயணங்களில் இதே ராக்கெட்டில் அனுப்பியது. வெளிநாட்டிடம் எஞ்சின் கேட்டு நின்ற நாடு, வெளிநாட்டுச் சரக்கை விலை பேசி ஏற்றும் நாடானது.

பணம் இஸ்ரோவின் மதிலுக்குள்ளேயே தங்கவும் இல்லை. ஹைதராபாதின் எம்.டி.ஏ.ஆர்., மும்பையின் கோத்ரெஜ் போன்ற ஆலைகள் இந்த எஞ்சின்களின் பாகங்களைச் செய்து செய்து, நுண்ணிய உலோக வேலையில் தேர்ந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் வேர்விட்ட அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. அதை ஏவியது ஸ்ரீஹரிகோட்டாவின் மண்ணிலிருந்து. அரசு பல பத்தாண்டுகளாகக் கட்டிவைத்த தளமும் அனுபவமும் இல்லாமல் இப்படி ஒரு தனியார் முயற்சி தலையெடுத்திருக்காது. விண்வெளித் துறையின் புதிய நிறுவனங்களுக்காக 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்ததும் நல்ல நகர்வு.

ஆனால் கடமை முடிந்துவிடவில்லை. 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோளை 2018-ல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பிய ராக்கெட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டில் போனது. நம் ராக்கெட்டின் வலு இன்னும் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் செமி கிரையோஜெனிக் எஞ்சினுக்கு 2008-ல் ஒப்புதல் கிடைத்தது. இலக்கு 200 டன் உந்துவிசை. அதன் எரியறை நீங்கலான முக்கியப் பகுதிகளை மகேந்திரகிரியில் வெற்றிகரமாக எரித்துச் சோதித்தது 2025 மார்ச் 28 அன்று. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் போயின. எஞ்சின் இன்னும் பறக்கவில்லை.

இந்தத் தாமதத்தைக் கேள்வி கேட்க வேண்டும். பொறுமையான பணம் என்பது கணக்குக் கேட்காத பணம் ஆகிவிடக் கூடாது. சோதனை மேடை ஏன் தாமதமானது, எந்த ஆண்டில் ஒதுக்கிய தொகை செலவாகாமல் திரும்பியது, தோல்வியின் காரணம் என்ன என்பவை மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். 2010-ல் பம்ப் நின்ற காரணத்தை இஸ்ரோ வெளியே சொன்னது. அந்த வழக்கம் ஒவ்வொரு தோல்விக்கும் தொடர வேண்டும்.

அடுத்த முறை ஒரு ராக்கெட் கடலில் விழும்போது, "மக்கள் பணம் பாழ்" என்ற குரல் எழும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தத் தோல்வியில் என்ன தெரிந்துகொண்டார்கள்? அடுத்த சோதனைக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா? இரண்டுக்கும் நேர்மையான விடை கிடைக்குமானால், நம் நூறு ரூபாயிலிருந்து போகும் அந்த 26 காசை முழு மனதோடு கொடுப்போம். கொடுப்பதோடு, அதன் கணக்கையும் உரிமையோடு கேட்போம்.