பேரிங் தேய்ந்தால் செலவு யாருடையது?

எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனின் விசையைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில், இரண்டு அரைவட்டத் துண்டுகளாக மெல்லிய பேரிங் உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றினாலும் பேரிங்கும் ஷாஃப்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முடியைவிட மெல்லிய ஆயில் படலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஷாஃப்டுக்குள் துளைத்த சிறு வழிகளில்தான் அந்த ஆயில் வந்து சேர்கிறது.

வழி அடைபட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும். முதலில் எஞ்சினின் அடியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வரும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது வேகமெடுக்கும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகும், அல்லது ராட் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும்.

வாரண்டிச் சண்டை தொடங்குவது இங்கேதான். ஆயில் ஏன் போய்ச் சேரவில்லை? தயாரிப்புக் குறை என்றால் செலவு நிறுவனத்துடையது; ஆயில் மாற்றாததால் கசடு அடைத்தது என்றால் உரிமையாளருடையது. தேய்ந்த பேரிங்கை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. எஞ்சினைப் பிரித்துக் கசடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்வீஸ் பில்களைக் கேட்பார்கள்.

அமெரிக்காவில் ஹூண்டாய் நிறுவனம் 2015 செப்டம்பரில் ஏறத்தாழ 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அலபாமா ஆலையில் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுதாக நீங்காமல் ஆயில் வழியை அடைத்திருக்கலாம் என்று விளக்கம் சொன்னது. அந்த நடவடிக்கை போதாது என்று அந்நிறுவனத்தின் பொறியாளர் கிம் குவாங்-ஹோ 2016இல் அமெரிக்க அரசிடம் தகவல் கொடுத்தார். கார் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2019இல் அறிவித்த சமரசத்தில், குறிப்பிட்ட கார்களின் எஞ்சின் பிளாக்குக்கும் அதனுள் இருக்கும் பாகங்களுக்கும் ஆயுட்கால வாரண்டி கிடைத்தது. ஆனால் அதிலும் இரண்டு நிபந்தனைகள்: பேரிங் தேய்வதை முன்கூட்டியே கண்டறியும் மென்பொருளைக் காரில் ஏற்றியிருக்க வேண்டும், மிதமிஞ்சிய அலட்சியம் இருந்திருக்கக் கூடாது.

வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற பயம் அமெரிக்காவில் தேவையில்லை. 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டப்படி, அந்த ஒரு காரணத்தைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் மாற்றியதற்கு ஆதாரம் வேண்டும். தேதியும் ஓடிய தூரமும் ஆயிலின் தரமும் எழுதிய பில் இருந்தால், அலட்சியம் என்ற வாதம் எளிதில் எடுபடாது. சத்தம் கேட்ட பிறகும் ஓட்டிக்கொண்டே போனால், அந்த வாதத்துக்கு நாமே வழிவிடுகிறோம்.